டூ-டி டிசைன்: ஓவியக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கவின்கலைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு டூ-டி டிசைன் எனப்படும் இரு பரிமாண வடிவமைப்புப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களில் மாணவர்களும், சில சமயம் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். பயிற்சிகள் ஏறக்குறைய இவைதான்.

டூ-டி டிசைன் என்றால் படம் வரைவதுதானே?

இல்லை. நீளமும் அகலமும் மட்டும் உள்ள ஒரு பரப்பில் எதை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, எவ்வளவு இடத்தைச் சும்மா விடுவது என்று முடிவெடுக்கப் பழகும் பாடம் இது. அந்தப் பரப்பு தாளாக இருக்கலாம், சுவரொட்டியாக, புடவையாக, போன் திரையாகவும் இருக்கலாம்.

ஓவிய வகுப்பில் ஒரு குடத்தைப் பார்த்து அதைப் போலவே தாளில் கொண்டுவர முயல்கிறீர்கள். இங்கே குடம் சரியாக வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அது தாளின் இடது ஓரத்தை ஒட்டி நின்றால் என்ன ஆகிறது, நட்டநடுவில் நின்றால் என்ன ஆகிறது, பாதி வெட்டுப்பட்டு நின்றால் என்ன ஆகிறது என்றுதான் பார்க்கிறோம்.

எனக்கு அவ்வளவாக வரைய வராது. தேறுவேனா?

தேறுவீர்கள். சொல்லப்போனால், அச்சு அசலாக முகம் வரையத் தெரிந்து வரும் பிள்ளைகள்தான் முதல் மாதம் திணறுகிறார்கள். அவர்களுடைய கைக்கு நன்றாகத் தெரிந்த வேலையை நாங்கள் கேட்பதே இல்லை. நான்கு கறுப்புச் சதுரங்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னால், ‘இதில் நான் என்ன செய்வது?’ என்று முழிப்பார்கள். வரைய வராதவருக்கு அந்தப் பாரம் இல்லை. இந்தப் பாடத்துக்குத் தேவை பொறுமை, அளந்து வெட்டும் ஒழுங்கு, செய்ததைக் கலைத்துவிட்டுத் திரும்பச் செய்யும் மனசு. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முதல் நாளே கடையை அள்ளிக்கொண்டு வராதீர்கள். கார்ட்ரிட்ஜ் தாள் (வரைவதற்கான தடித்த தாள்), கறுப்புத் தாள், எஃகு ஸ்கேல், மூலைமட்டம், கூர்மையான கட்டர், ஹெச்பி-யும் 2ஹெச்-சும் பென்சில், கறுப்பு இந்திய மை, ஒரு மெல்லிய உருண்டைத் தூரிகை, ஒரு தட்டைத் தூரிகை. முதல் மாதத்துக்கு இது போதும்.

போஸ்டர் கலர் வாங்கும்போது பன்னிரண்டு நிறப் பெட்டியைவிடத் தனித்தனிப் புட்டிகள் நல்லது. வெள்ளை பெரிய புட்டியாக வாங்குங்கள். அதுதான் முதலில் தீரும். அப்புறம் கறுப்பு, மஞ்சளில் இரண்டு, சிவப்பில் இரண்டு, நீலத்தில் இரண்டு. ஏன் இரண்டிரண்டு என்பதைக் கீழே நிறம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். முனை மழுங்கிய பிளேடால் வெட்டினால் தாள் பிய்யும், கை அழுத்தம் கூடும், விரல் வெட்டுப்படுவதும் அப்போதுதான்.

முதல் வாரமே சதுரங்களை வெட்டி ஒட்டச் சொல்கிறார்களே, சின்னப் பிள்ளைகள் வேலை மாதிரி இருக்கிறதே?

எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பயிற்சி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளைச் சதுரக் கட்டம். உள்ளே நான்கு கறுப்புச் சதுரங்கள். அவற்றை வைத்து ‘நெரிசல்’ என்ற உணர்வைக் கொண்டுவர வேண்டும். அடுத்த கட்டத்தில் ‘தனிமை’. அதற்கடுத்து ‘விழப்போகிறது’, ‘ஊர்வலம்’, ‘பிடிவாதம்’. முகம் வரையக் கூடாது, அம்புக்குறி போடக் கூடாது, எழுதக் கூடாது. சதுரங்களை நகர்த்தலாம், சாய்க்கலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றலாம், அளவை மாற்றலாம். அவ்வளவுதான்.

‘நெரிசல்’ என்றதும் எல்லாரும் நான்கையும் நடுவில் ஒட்டவைத்துக் கொண்டுவருவார்கள். பார்த்தால் நெரிசலாக இருக்காது; சுற்றிலும் தாராளமாக வெள்ளை இருக்கும், ஒரு சிறு கும்பல் மைதானத்தில் நிற்பது போல இருக்கும். காலை எட்டரை மணிக்குப் பேருந்து எப்படி இருக்கும் என்று கேட்பேன். படிக்கட்டில் தொங்குபவரின் பாதி உடம்பு வண்டிக்கு வெளியே இருக்கிறது. சதுரங்களைப் பெரிதாக்கி, ஓரத்தால் வெட்டுப்படும்படி வையுங்கள். மிச்சமிருக்கும் வெள்ளை மெல்லிய கீற்றுகளாக நசுங்கட்டும். உடனே மூச்சு முட்டும். நெரிசலைக் காட்டியது கறுப்பு மட்டுமா? இடமில்லாமல் போன வெள்ளையும்தான்.

‘தனிமை’யிலும் இதே கதைதான். ஒரு சதுரத்தை மூலையில் வைத்தால் தனிமை என்று நினைப்பார்கள். மற்ற மூன்றையும் நெருக்கமாக வைத்து, அந்த ஒன்றை விலக்கி, இடையில் எவ்வளவு வெள்ளை விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குறைவாக விட்டால் பின்தங்கி வருகிறது போலத் தெரியும். அதிகமாக விட்டால் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும். நடுவே ஓரிடத்தில் வைத்தால் மட்டும் ‘ஒதுக்கப்பட்டது’ என்று கண் படிக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சதுரத்தை அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். கண் பழகுவது அப்போதுதான்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லுக்கும் தீப்பெட்டி அளவில் இருபது சிறு வரைவாவது போடுங்கள். முதல் ஐந்து எல்லாருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். பன்னிரண்டுக்கு மேல்தான் உங்களுடையது வரத் தொடங்கும்.

நெகடிவ் ஸ்பேஸ் என்று அடிக்கடி சொல்கிறார்கள். வெற்றிடம்தானே?

வெற்றிடம் என்று சொன்னாலே தப்பான பழக்கம் வந்துவிடுகிறது. பொருளுக்கு ஒரு வடிவம் இருப்பதுபோல, பொருளைச் சுற்றி மிச்சமாகும் இடத்துக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. டேனிஷ் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-ல் தன் ஆய்வில் காட்டிய படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: நடுவில் ஒரு பூச்சாடி, இல்லை, எதிரெதிரே இரண்டு முகங்கள். இரண்டையும் ஒரே கணத்தில் உருவமாகப் பார்க்க முடியாது. ஒன்று முன்னே வந்தால் மற்றது பின்னணி ஆகிவிடும்.

இதைப் பழக நான் தமிழ் எழுத்துகளைக் கொடுப்பேன். ‘ழ’, ‘ஞ’, ‘இ’ இவற்றில் ஒன்றைப் பெரிதாக்கி, கட்டத்துக்குள் ஒரு பகுதி மட்டும் தெரியும்படி நகர்த்துங்கள். எழுத்து அடையாளம் போக வேண்டும், கறுப்பும் வெள்ளையும் ஏறக்குறைய சம பலத்தில் நிற்க வேண்டும். நம் எழுத்துகளின் சுழிகளும் வளைவுகளும் வெள்ளைக்கு எவ்வளவு அழகான வடிவங்களைக் கொடுக்கின்றன என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து படித்து வருவதால் எழுத்தை நாம் பார்ப்பதே இல்லை. படம் தலைகீழாக இருந்தாலும் நன்றாக இருந்தால் பயிற்சி சரியாக வந்திருக்கிறது.

எனக்குக் கோலம் நன்றாகப் போட வரும். அது உதவுமா?

ரொம்பவே உதவும். புள்ளி வைத்துப் போடும் கோலம் என்பது கிரிட் வேலை, அதாவது சம இடைவெளிக் கட்டங்களை வைத்து அமைக்கும் வேலை. ‘15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை’ என்று சொன்னாலே நடுவில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 என்று ஓர் அறுகோணம் மனதில் வந்துவிடும் அல்லவா? வகுப்பில் மற்றவர்கள் ஸ்கேல் வைத்துக் கற்கும் அலகு, திரும்ப வருதல், சமச்சீர் எல்லாம் உங்கள் விரலிலேயே இருக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வருகிறது. புள்ளியைச் சுற்றி அடைபடும் சிறு இடங்கள்தான் முந்தைய கேள்வியில் சொன்ன நெகடிவ் ஸ்பேஸ். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணி 1970-களில் கோலங்களின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் வழியில் ஆராய்ந்தார். அவ்வளவு ஆழமான ஒழுங்கு அதில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். கோலம் கைக்குப் பழகியவர்கள் எதையும் நடுவில் வைத்து நாலா பக்கமும் சமமாக விரிப்பார்கள். அந்தப் பழக்கத்தைச் சில வாரங்களுக்காவது தள்ளிவைக்க வேண்டும்.

அப்படியானால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாமல் சமநிலை எப்படி வரும்?

பூங்காவில் சீசா பார்த்திருப்பீர்கள். அப்பா ஒரு முனையிலும் குழந்தை மறுமுனையிலும் உட்கார்ந்தால் ஆடாது. அப்பா நடுக்கட்டைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தால் ஆடும். தாளிலும் அப்படித்தான்: நடுவை ஒட்டிய பெரிய வடிவத்தை, ஓரத்தில் உள்ள சின்ன வடிவம் தாங்கிப் பிடிக்கும்.

அளவு மட்டுமே பாரம் இல்லை. கறுப்பு வெளிர் சாம்பலைவிடக் கனமாகத் தெரியும், பளிச்சென்ற சிவப்பு மங்கலான நீலத்தைவிட இழுக்கும், நுணுக்கமான டெக்ஸ்சர் (சொரசொரப்பு, இழை போன்ற பரப்புத் தன்மை) வெறும் பரப்பைவிட இழுக்கும், தனியாக நிற்பது கூட்டத்தில் நிற்பதைவிட இழுக்கும். சந்தேகமாக இருந்தால் தாளைச் சுவரில் குத்தி, பத்தடி பின்னால் போய், தலைகீழாகவும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் சரிகிறது என்று உடனே தெரியும்.

கோடு வரைவதில் கற்க என்ன இருக்கிறது?

ஒரே தூரிகையால், அழுத்தம், வேகம், மையின் ஈரம் இவற்றை மட்டும் மாற்றி நூறு கோடு போட்டுப் பாருங்கள். பயந்த கோடு, வெடுக்கென்ற கோடு, களைத்த கோடு எல்லாம் வரும். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களை எங்கேயாவது பார்த்தால் நின்று பாருங்கள். வெறும் கறுப்புக் கோடுதான். முதுகு வளைவும் நடையின் வேகமும் அதிலேயே இருக்கிறது.

கிரே ஸ்கேல் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். ஏன்?

வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது கட்டம். ஒவ்வொரு படியும் ஒரே அளவு இறங்க வேண்டும். கேட்கும்போது சுலபம். செய்யும்போது ஐந்தாவது கட்டத்திலேயே பாதிப் பேருக்குக் கறுப்பு வந்துவிடும். காரணம், போஸ்டர் கலரில் கறுப்புக்குப் பலம் அதிகம். வெள்ளையை முதலில் எடுத்துக்கொண்டு, கறுப்பைத் தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். கறுப்பை எடுத்து வைத்துக்கொண்டு வெள்ளையை ஊற்றினால் புட்டியே காலியாகும். இன்னொன்று: ஈரத்தில் பார்ப்பதும் காய்ந்தபின் பார்ப்பதும் ஒன்றல்ல. வெளிர் சாயைகள் காய்ந்ததும் சற்று அடர்ந்துபோகும். அதனால் தனித் துண்டுத் தாளில் தடவிக் காயவைத்து, வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்து ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

வண்ணம் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். நீர்மோர் போல இருந்தால் திட்டுத்திட்டாகக் காயும். இட்லி மாவு போல இருந்தால் தூரிகைத் தடம் நிற்கும். தோசை மாவுப் பதம் சரியாக வரும்.

இதில் பழகிய கண்தான் பின்னால் நிறத்தைக் கையாளப் போகிறது. மஞ்சளும் ஊதாவும் நிறத்தில் மட்டும் வேறல்ல. மஞ்சள் மிக வெளிர்ந்தது, ஊதா மிக அடர்ந்தது. கண்ணைப் பாதி சுருக்கிப் பார்த்தால் நிறம் மங்கி இந்த வேறுபாடு தெரியும். போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தும் சரிபார்க்கலாம். முதலில் கண், பிறகு போன்.

நான் கலக்கும் பச்சையும் ஊதாவும் அழுக்காக வருகிறதே?

புட்டியில் உள்ள எந்த நிறமும் சுத்தமாக ஒன்றே இல்லை; பக்கத்து நிறத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். லெமன் மஞ்சள் பச்சைப் பக்கம் சாய்ந்தது. அல்ட்ராமரின் நீலம் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. இவை இரண்டையும் கலந்தால் அந்த மறைந்திருக்கும் சிவப்பு பச்சையை மங்கவைக்கும். லெமன் மஞ்சளோடு பச்சைப் பக்கம் சாய்ந்த ஒரு நீலத்தைச் சேருங்கள், பச்சை பளிச்சென்று வரும். ஊதாவுக்கு அல்ட்ராமரினும், நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பான கிரிம்சனும். ஆரஞ்சு சிவப்பைச் சேர்த்தால் ஊதா பழுப்பாகிவிடும். இதற்காகத்தான் இரண்டிரண்டு வாங்கச் சொன்னேன்.

இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் கலக்காதீர்கள். ஜவுளிக் கடையில் அம்மா புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் வெளிச்சத்தில் பார்ப்பார்களே, அதே காரணம்தான்.

ஒரே நிறத்தை இரண்டு நிறமாகக் காட்டும் பயிற்சி என்கிறார்கள். அது எப்படி முடியும்?

ஒரு பளிச்சென்ற மஞ்சள் தாள், ஒரு அடர்ந்த நீல ஊதாத் தாள். ஒரே துண்டிலிருந்து வெட்டிய இரண்டு சிறு காவி நிறச் சதுரங்களை ஒவ்வொன்றின் நடுவிலும் வையுங்கள். மஞ்சள்மேல் இருப்பது மங்கிக் கறுத்துத் தெரியும். ஊதாமேல் இருப்பது வெளிச்சமாக, மஞ்சளாகத் தெரியும். பின்னணி தன் நிறத்தைத் துண்டிலிருந்து கழித்துவிடுகிறது என்று மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த ஜோடியை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பாரிஸில் கோபலன் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோல் இதைத் தற்செயலாகக் கண்டார். கறுப்பு நூல் நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் சோர்ந்து தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார். அவர் பார்த்தார்: சாயத்தில் குறையே இல்லை, பக்கத்து நிறம் செய்யும் வேலை. 1839-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். நம் நெசவாளர்களுக்கு இது புதிதல்ல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நீலத்தையும் பச்சையையும் கோத்து மயில்கழுத்து நிறத்தைக் கொண்டுவருவதும், புடவையின் உடல் பகுதியோடு பொருந்தக் கரையின் நிறத்தைத் தேர்வதும் இதே அறிவுதான். காஞ்சிபுரத்துப் புடவை ஒன்றை எடுத்து, கரையைத் தாளால் மறைத்துவிட்டு உடலின் நிறத்தைப் பாருங்கள். பிறகு தாளை எடுங்கள். உடலே நிறம் மாறும்.

சிவப்பு, மஞ்சள், நீலம்தான் முதன்மை நிறங்கள் என்று படித்தோம். அச்சகத்தில் வேறு சொல்கிறார்களே?

வண்ணம் கலப்பதற்கு அந்தப் பழைய மூன்று கைக்கு எளிது. அச்சு மையில் சயான், மஜென்டா, மஞ்சள், கூடவே கறுப்பு. திரையில் கலப்பது மை அல்ல, ஒளி. அதனால் சிவப்பு, பச்சை, நீலம். எந்த ஊடகம் என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன?

பெரும்பாலானவை ஜெர்மனியின் வைமார் நகரில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியின் முதல்நிலை வகுப்பிலிருந்து வந்தவை. யோஹன்னஸ் இட்டன் அந்த வகுப்பை உருவாக்கினார். 1923-க்குப் பிறகு மொஹோலி-நாகியும் ஜோசப் ஆல்பர்ஸும் நடத்தினார்கள். ஹிட்லரின் நாஜிக் கட்சியின் நெருக்குதலில் 1933-ல் பள்ளி மூடப்பட்டது. ஆல்பர்ஸ் அதே ஆண்டு அமெரிக்காவில் பிளாக் மவுன்டன் கல்லூரிக்குப் போனார், 1950-ல் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மேலே சொன்ன நிறப் பயிற்சியை வகுப்பில் வளர்த்தெடுத்தவர் அவர். ஆசிரியர்கள் அகதிகளாகச் சிதறியதால் அந்தப் பாடமும் உலகெங்கும் பரவியது.

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-லேயே கலைப் பள்ளி தொடங்கிவிட்டார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள் 1922 டிசம்பரில் கல்கத்தாவில் காட்சிக்கு வந்தன. 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியபோது இந்த அடிப்படை வகுப்பு முறை நம் நாட்டில் உறுதியாக வேர்பிடித்தது.

கணினியில் ஐந்து நிமிடத்தில் செய்யலாமே?

செய்யலாம், இரண்டாம் ஆண்டில் செய்யவும் போகிறீர்கள். ஆனால் திரையில் ஒரு சதுரத்தை நகர்த்த ஒரு கிளிக் போதும் என்பதால் நகர்த்துவதற்கு முன் யோசிப்பதில்லை. வெட்டிய தாளை ஒட்டும் முன் நின்று பார்க்கிறோம். அந்த நிற்றலுக்காகத்தான் கையால் செய்யச் சொல்கிறோம்.

விமர்சன வகுப்பில் எல்லார் முன்னாலும் என் வேலையைக் குறை சொல்கிறார்கள். தாங்க முடியவில்லை.

எனக்கு இது புரிகிறது. நான் மாணவனாக இருந்தபோது ஓர் ஆசிரியர் என் தாளை ஒரு நொடி பார்த்து ‘அடுத்தது’ என்று போய்விட்டார். என்ன தவறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் என் வகுப்பில் ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ இரண்டுக்கும் இடமில்லை. ‘என் கண் முதலில் வலது மேல் மூலைக்குப் போகிறது, அங்கிருந்து திரும்பி வரவில்லை’ என்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். செய்தவர் உடனே பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஊர்வலம் என்று செய்ததை மூன்று பேர் படிக்கட்டு என்று படித்தால், அது உங்கள் மேல் சொன்ன குறை இல்லை. இடைவெளியை எங்கே மாற்றலாம் என்ற தகவல்.

மதிப்பெண் எதற்குக் கிடைக்கும்?

பொதுவாக மூன்றுக்கு: யோசனை, அமைப்பு, சுத்தம். மூன்றாவதில்தான் அநியாயமாக இழக்கிறார்கள். பசைக் கறை, விரல் ரேகை, அழிக்காத பென்சில் கோடு, கோணலான ஓரம். கண் முதலில் போவது அந்தக் கறைக்குத்தான். நீங்கள் அடுக்கிய சதுரங்களிடம் அப்புறம்தான் வரும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு ஒட்டாதீர்கள். சிறு வரைவுகளையும் தூக்கிப்போடாமல் சேர்த்துக் கொடுங்கள்.

பின்ட்ரெஸ்ட் போன்ற படத் தளங்களைப் பார்த்துச் செய்யலாமா?

பாருங்கள், ஆனால் வேலை தொடங்கும் முன் பார்க்காதீர்கள். உங்கள் இருபது சிறு வரைவுகளுக்குப் பிறகு பார்த்தால், அடுத்தவர் எதைத் தீர்த்திருக்கிறார் என்று புரியும். அதற்கு முன் பார்த்தால் அவருடைய விடை உங்கள் கேள்வியையே விழுங்கிவிடும்.

அப்பா கேட்கிறார்: இதைப் படித்தால் என்ன வேலை?

இந்த ஒரு பாடத்துக்கென்று தனி வேலை இல்லை, ஆனால் இது இல்லாமல் செய்ய முடியாத வேலைகள் நிறைய. துணி வடிவமைப்பு, பத்திரிகைப் பக்க அமைப்பு, புத்தக அட்டை, பொட்டலங்களின் வடிவமைப்பு, செயலிகளின் திரை அமைப்பு, அனிமேஷன், எழுத்துரு. வருமானம் உடனே வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் எந்தத் துறையைத் தேர்ந்தாலும், முதலாண்டு டூ-டி வேலைகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் போர்ட்ஃபோலியோ (தம் வேலைகளின் தொகுப்பு) தயாரிக்கும்போது அதைத் திரும்ப எடுக்கிறார்கள். அப்பாவுக்கு நேரம் இருந்தால் ஆண்டு இறுதிக் கண்காட்சிக்குக் கூட்டி வாருங்கள்.

கல்லூரியில் சேரவில்லை. வீட்டிலேயே பழகலாமா?

தாராளமாக. பழைய செய்தித்தாள், கறுப்புத் தாள், கத்தரி, பசை போதும். முதல் வாரம் நான்கு சதுரங்கள். இரண்டாம் வாரம் தமிழ் எழுத்து. மூன்றாம் வாரம் செய்தித்தாளில் உள்ள சாம்பல்களை மட்டும் வெட்டி ஒன்பது படி அடுக்குவது. சின்ன எழுத்து நெருக்கமாக இருக்கும் பத்தியும் ஒரு சாம்பல்தான். நான்காம் வாரம் தையற்காரரிடம் கேட்டுத் துண்டுத் துணிகள் வாங்கி, ஒரே துணியை வெவ்வேறு துணிமேல் வைத்துப் பார்ப்பது. ஒவ்வொன்றையும் தேதி போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டு, மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் முதல் பார்வையில் எது உறுத்துகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள்.